நாலரை மணி நேரம் முடிந்த பிறகு...

ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். அன்றைக்கு மருத்துவமனை வாசல்களில் பேனர் கட்டுவார்கள். நர்சிங் மாணவிகள் பதாகை பிடித்துக்கொண்டு வெயிலில் ஊர்வலம் போவார்கள். முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். நல்ல காரியம்தான். மூளையின் பெரிய இரத்தக் குழாய் அடைபட்ட ஒருவருக்கு ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கம்பி நுழைத்து அடைப்பை எடுக்கலாம் என்று 2018-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. இதிலெல்லாம் யாருக்கும் சண்டை இல்லை.

கேள்வி வேறு. நாலரை மணி நேரம் முடிந்த பிறகு என்ன?

பக்கவாதம் வந்தவர் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் என்றால், அவர் முன்னால் இன்னும் பத்து, இருபது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளுக்கு ஊர்வலம் கிடையாது, பேனர் கிடையாது, தொலைபேசி எண் கிடையாது. 'டிஸ்சார்ஜ்' என்ற ஒரு சொல்லோடு மருத்துவம் தன் கணக்கை முடித்துக்கொள்கிறது. வீட்டின் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

அரியூரை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூரைத் தாண்டி வரும் ஊர். மருத்துவ வசதி இல்லாத குக்கிராமம் என்று யாரும் கண்ணீர் விட முடியாது. ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சுமார் 15 கி.மீ. சுற்றளவில் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. இந்தியாவின் பெரும்பாலான கிராமங்கள் இந்த அமைப்பைக் கனவில்கூடக் காண முடியாது. ஆகவேதான் அரியூரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாம் பக்கத்தில் இருக்கும் ஊரிலேயே இந்தக் கதி என்றால் மற்ற ஊர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அங்கே ஒரு கொத்தனார் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். இரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரை வாங்கினார், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தினார். ஒரு காலையில் பல் விளக்கும்போது வலது கை பிரஷ்ஷைப் பிடிக்கவில்லை. நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனாரா, போகவில்லையா என்பதை விட்டுவிடுவோம். போனார் என்றே வைத்துக்கொள்வோம். உயிர் பிழைத்தார். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வலது கை தொங்குகிறது, வலது காலை இழுத்து நடக்கிறார், நினைப்பது வாயில் வருவதில்லை. "தண்ணி" என்று சொல்ல நினைத்து "பாயி" என்கிறார். அது தப்பு என்று அவருக்கே தெரிகிறது. தெரிவதால்தான் அழுகிறார்.

பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்: "அண்ணி, அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" பதில் ஒன்றுதான்: "உசுரோட இருக்காருல்ல, அது போதும்."

அது போதும் என்ற அந்த ஒரு வார்த்தையின் மீதுதான் நம் மொத்த ஏற்பாடும் உட்கார்ந்திருக்கிறது.

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொல்லியிருப்பார்கள். எப்படிப் போவது? பஸ் படிக்கட்டில் ஏற முடியாதவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆட்டோவுக்குப் போக வரக் காசு வேண்டும். கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மனைவி. அவள் சித்தாள் வேலைக்குப் போகிறவள் என்றால் அன்றைய கூலி போச்சு. முதல் மாதம் போவார்கள். இரண்டாம் மாதம் வாரம் ஒரு நாள். மூன்றாம் மாதம் "வீட்டுலயே செஞ்சுக்கிறோம்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். பிறகு எவனாவது வந்து புறா ரத்தம் தேய்த்தால் கை வந்துவிடும் என்பான். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புறா விற்பவன் வீட்டு வாசலுக்கு வருகிறான், பட்டம் வாங்கிய இயன்முறை சிகிச்சையாளர் வருவதில்லை. மூடநம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கைவிடலுக்கு விஞ்ஞானப் போர்வை ஒன்றும் உண்டு. "ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதாம்மா, அதுக்கு மேல வராது." இந்த வாக்கியத்தைக் கேட்காத பக்கவாதக் குடும்பம் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ அபூர்வம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கை கால் அசைவில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில்தான் திரும்புகிறது, பிறகு வேகம் குறைகிறது. ஆனால் வேகம் குறைவதும் கதவு மூடுவதும் ஒன்றா?

அமெரிக்காவில் முதல் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள் 222 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2006-ல் முடிவு வந்தது. நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதைப் பயன்படுத்த விடாமல், வராத கையைக் கொண்டே இரண்டு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். கையில் ஓரளவாவது அசைவு மிஞ்சியிருந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்குக் கை நன்றாக வந்தது, ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி கொடுத்த 224 பேரின் கணக்கு 2019-ல் வெளியானது. அவர்களில் நடுநிலை ஆளுக்குப் பக்கவாதம் வந்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களுக்கும் முன்னேற்றம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்காத கணக்கு அது, உண்மைதான். ஆனாலும் பதினெட்டு மாதம்! நம்மூரில் அதற்குள் அந்த ஆளைத் திண்ணையில் உட்காரவைத்து ஓராண்டு ஆகியிருக்கும்.

ஆறு மாதம் என்பது மூளையின் கெடு என்பதைவிட நம் பொறுமையின் கெடு என்பதே சரி.

"வெளிநாட்டில் முடியும், நம் நாட்டில் பணம் எங்கே? இங்கே குடும்பம் இருக்கிறது, குடும்பம் பார்த்துக்கொள்ளும். அவர்களைப் போலவா நாம், பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் தள்ளுகிறோம்?" இது அடுத்த வாதம். கேட்கவே பெருமையாக இருக்கிறது. துரதிர்ஷ்டவசமாக இந்தப் பெருமையையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

சோதித்தது இந்தியாவிலேயேதான். சிட்னியைச் சேர்ந்த ரிச்சர்ட் லிண்ட்லி, லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் 14 இந்திய மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடத்திய 'அட்டெண்ட்' ஆய்வு அது. 2014-லிருந்து 2016 வரை ஆட்களைச் சேர்த்தார்கள், 2017-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. நோயாளிகளின் சராசரி வயது அறுபதைக்கூடத் தொடவில்லை, கவனியுங்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிப் பேரின் குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு மாதம் வரை தொடர்ந்து வழிகாட்டினார்கள். எப்படித் தூக்குவது, எப்படி நடக்க வைப்பது, எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்த்து, பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம். பயிற்சி பெறாத குடும்பங்களில்? அதே 47 சதவீதம்.

வித்தியாசம் பூஜ்யம். அரசாங்கங்கள் எதிர்பார்த்திருந்த மலிவான வழி அன்றோடு அடைபட்டுப் போனது. குடும்பத்துக்கு அன்பு இல்லை என்பதல்ல இதன் பொருள். சோறு ஊட்டி, குளிப்பாட்டி, மலம் அள்ளி, கூலிக்கும் போய்வரும் ஒரு பெண்ணின் தலையில் இயன்முறை சிகிச்சையாளர் வேலையையும் சேர்த்து வைத்தால் அது நடக்காது. அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்குச் சமையல்காரர் வரவில்லை என்றால் வீட்டுப் பெண்களே ஆயிரம் பேருக்குச் சமைக்கட்டும் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் சொல்கிறார்கள்.

சரி, எது உதவும்? பல கோடி ரூபாய் இயந்திரமா? பெரிய ஆஸ்பத்திரி விளம்பரங்களில் ரோபோ ஒன்று நோயாளியைத் தூக்கி நடத்திக் காட்டுகிறது. அமெரிக்காவில் 408 பேரைக் கொண்டு நடந்த 'லீப்ஸ்' ஆய்வு 2011-ல் வெளியானது. சிலருக்கு உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் டிரெட்மில்லில் நடைப் பயிற்சி, சிலருக்கு வீட்டிலேயே ஒரு தெரபிஸ்ட் வந்து கற்றுக்கொடுக்கும் உடற்பயிற்சி. ஓராண்டு கழித்து இரண்டிலும் ஒரே பலன். மொத்தத்தில் 52 சதவீதம் பேரின் நடக்கும் திறன் ஒரு படி மேலே வந்திருந்தது. ஆறு மாதம் கழித்துத் தாமதமாகத் தொடங்கியவர்களும் ஓராண்டு முடிவில் மற்றவர்களோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். (பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஓராண்டில் ஒருமுறையாவது கீழே விழுந்தார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நடை வந்தால் விழுவதும் வரும், அதற்கும் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

அட்டெண்டையும் லீப்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வீட்டாருக்குக் கொஞ்ச நாள் கற்றுக்கொடுத்து விட்டுவிட்டால் பலன் இல்லை. விலை உயர்ந்த இயந்திரத்தால் கூடுதல் பலன் இல்லை. படித்த ஓர் ஆள், வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் விடாமல் வேலை வாங்கினால் அந்த இயந்திரம் செய்வதையே அவரும் செய்துவிடுகிறார். தேவை ஓர் ஆள். அந்த ஆளைத்தான் யாரும் அனுப்புவதில்லை.

இனி அரசாங்கத்தின் காகிதங்களைப் பார்ப்போம்.

2010-ல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. புற்றுநோய், நீரிழிவு, இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும். பெயரிலேயே பக்கவாதம் இருந்தது. 2023-ல் பெயரை மாற்றினார்கள். தொற்றா நோய்கள் என்ற ஒரே பொதுச் சொல்லில் எல்லாவற்றையும் அடைத்தார்கள். சிறுநீரக நோய், நுரையீரல் நோய் எல்லாம் உள்ளே வந்ததால் பெயர் நீளமாகிவிடும் என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் பதின்மூன்று ஆண்டுகள் பெயரில் இருந்தபோதே அரியூர்த் திண்ணைக்கு எதுவும் வந்து சேரவில்லை. இப்போது பெயரும் போயிற்று.

ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2018-ல் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. எதற்கு? ஆஸ்பத்திரியில் படுத்தால். வீட்டுக்குப் போன பிறகு? பதினைந்து நாள் வரைக்கான செலவு அதில் சேரும். பதினைந்து நாள்! பக்கவாதம் வந்த கை விரலை அசைக்கவே பலருக்குப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகும். வெளிநோயாளியாக மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய சிகிச்சைக்கு அதில் இடம் இல்லை. படுத்தால் ஐந்து லட்சம், எழுந்து நிற்க முயன்றால் கைக்காசு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் வீட்டில் யாருக்கும் பக்கவாதம் வந்ததில்லை போலும்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நரம்பு நோய்கள் என்ற தலைப்பில் பார்க்கின்சன் இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. பக்கவாதம் அந்தத் தலைப்பில் இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு என்ற வழிகளில் அவர்கள் சான்றிதழ் வாங்க வேண்டும். 40 சதவீதம் தேறினால்தான் முக்கியச் சலுகைகள். சரி, கையை அளக்கலாம், காலை அளக்கலாம். காலையில் பத்து நிமிடம் வேலை செய்தாலே நாள் முழுக்கப் படுத்துவிட வைக்கும் அந்தக் களைப்பை எந்த வாரியத்தில் அளப்பார்கள்? பக்கவாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஊரில் அதற்குப் பெயர் "அவரு இப்பல்லாம் ரொம்ப கோவக்காரரா ஆயிட்டாரு". மாத்திரை ஒன்று கொடுத்தால் கையும் வரும் மனசும் தேறும் என்று ஒரு நம்பிக்கை சில காலம் இருந்தது. மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெடினை, மனச்சோர்வு இருக்கிறதோ இல்லையோ, பக்கவாதம் வந்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் 3127 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2018-ல் வந்தது. கை கால் செயல்பாட்டில் மாற்றமில்லை, எலும்பு முறிவு மட்டும் கூடியது. மனச்சோர்வு வந்தவருக்கு அந்த மாத்திரை தேவைப்படலாம், அது வேறு விஷயம். மறுவாழ்வுப் பயிற்சிக்கு மாத்திரையில் குறுக்கு வழி கிடையாது.

அளவுகோல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடி அங்கேதான் ஆரம்பமாகிறது. 1957-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ராங்கின் வகுத்த அளவுகோல்தான், பின்னால் திருத்தப்பட்டு, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பூஜ்யம் என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். 0 முதல் 2 வரை 'நல்ல விளைவு' என்று பெரும்பாலான ஆய்வுகள் எழுதிக்கொள்கின்றன. 2 என்பது யார்? தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாதவர். அரியூர்க் கொத்தனார் தானே சாப்பிட்டு, தானே குளித்து, தானே கடைக்குப் போய் வருகிறார், கரண்டி மட்டும் பிடிக்க முடியவில்லை, சாரத்தில் மட்டும் ஏற முடியவில்லை என்றால் அவர் 'நல்ல விளைவு'! ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவருக்கு 2 என்பது வாழ்க்கை. கொத்தனாருக்கு 2 என்பது பட்டினி.

1965-ல் வந்த பார்த்தல் அளவுகோல் பத்து கேள்வி கேட்டு நூறு மதிப்பெண் போடுகிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, படி ஏறுவது... பேச்சைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. வாயிலிருந்து ஒரு சொல் வராதவர் நூற்றுக்கு நூறு வாங்கலாம். 1999-ல் பக்கவாதத்துக்கென்றே வாழ்க்கைத் தரத்தை அளக்க 49 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. அதில் பேச்சு உண்டு, மனநிலை உண்டு, களைப்பு உண்டு, குடும்பத்தில் அவருடைய இடம் உண்டு, வேலை உண்டு. எத்தனை மருத்துவமனைகளில் ஓராண்டு கழித்து நோயாளியைக் கூப்பிட்டு அதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

தமிழர்கள் எல்லோரும் அறிந்த பக்கவாத நோயாளி ஒருவர் உண்டு. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சிறுநீரகம் செயலிழந்து சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார், அங்கே இருக்கும்போது பக்கவாதமும் வந்தது. அடுத்த மாதம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். ஊரெல்லாம் தீச்சட்டி எடுத்தது, மண்சோறு சாப்பிட்டது. பிரசாரத்துக்கே வராமல் டிசம்பரில் தேர்தலில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடி முதல்வரானார். 1987 டிசம்பர் 24 வரை வாழ்ந்தார். அவர் பிழைத்த கதையைத் தமிழ்நாடு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறது. பேச்சு குழறிய நிலையில் கழித்த அந்த மூன்று ஆண்டுகளை எத்தனை முறை பேசியது? குரலாலேயே கட்டியாண்ட ஒரு மனிதர், 1967-ல் குண்டடிபட்டு ஏற்கனவே பாதிப்பட்ட அந்தக் குரலும் போன பிறகு, ஒவ்வொரு நாளையும் எப்படிக் கடந்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதைப் பேசினால் தலைவருக்கு இழுக்கு என்று நினைத்தார்கள். அவருக்காவது பக்கத்தில் மருத்துவர்கள் இருந்தார்கள். கொத்தனாருக்கு யார் இருக்கிறார்கள்?

மனைவி இருக்கிறாள் என்பீர்கள். சரி. பக்கவாதம் மனைவிக்கு வந்தால்? கணவனைத் தூக்கி உட்காரவைக்கும் மனைவியை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மனைவிக்கு சேலை கட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, மாதக்கணக்கில் கூடவே இருக்கும் கணவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வேலை மகளுக்குப் போகும், மகள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வருவாள், அல்லது பள்ளிக்கூடத்தை நிறுத்துவாள். குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் 'குடும்பம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தப் பெண்ணை நிறுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னால் நாணயமாக இருக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அவள் செய்யும் தவறுக்கும் அவளே பழி சுமக்கிறாள். வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவி வாழ்நாள் வலியாகிவிடும். இந்த ஒரு விஷயத்தை யாராவது வீட்டுக்கு வந்து, கட்டிலின் பக்கத்தில் நின்று, தூக்கிக் காட்டியிருந்தால் எத்தனையோ தோள்கள் தப்பியிருக்கும்.

முதல் பக்கவாதத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி, முதல் முறை வந்தவர்களில் ஓராண்டுக்குள் சுமார் 11 சதவீதம் பேருக்கும், ஐந்து ஆண்டுக்குள் 26 சதவீதம் பேருக்கும் மறுபடி வருகிறது. இரத்த அழுத்தத்தைக் குறைத்தாலே இரண்டாவது தாக்குதல் 28 சதவீதம் குறையும் என்று 2001-லேயே நிரூபித்துவிட்டார்கள். மாத்திரை விலையும் அதிகமில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் அதை வாங்கப் போவதற்கும் நடக்கத் தெரிய வேண்டுமே. வராத காலும் வாங்காத மாத்திரையும் வேறு வேறு பிரச்சினைகள் இல்லை. (சாராயக் கடைகளுக்கு நடந்து போக வேண்டிய தூரம் புதுச்சேரியில் அவ்வளவு இல்லை என்பது தனிக் கதை.)

அரியூரை விட்டு விழுப்புரம் சாலையில் கொஞ்ச தூரம் மேற்கே போனால் கண்டமங்கலம். அது தமிழ்நாடு. அதையும் தாண்டினால் மறுபடி புதுச்சேரியின் திருபுவனை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கோடுகள் வயல்களுக்கு நடுவே இப்படித்தான் ஓடுகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கொடுப்பது அதன் பகுதிகள். அதில் வருகிறவர்கள் போதுமான தடவை வருகிறார்களா, கணக்குக்கு வந்து போகிறார்களா என்று சண்டை போடலாம், போட வேண்டும். சண்டை போட ஓர் ஏற்பாடாவது அங்கே உருவானது. ஆனால் அது தமிழ்நாட்டுத் திட்டம். கண்டமங்கலம் அதன் எல்லைக்குள் வரும், அரியூர் வராது. அண்ணன் வீடு அங்கேயும் தம்பி வீடு இங்கேயும் இருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஒரே நோய், ஒரே சாதம், ஒரே குலதெய்வம். வரைபடத்தில் இருக்கும் கோடு மட்டும் வேறு.

புதுச்சேரியிடம் ஆள் இல்லையா? கோரிமேட்டுப் பக்கம் அன்னை தெரசா பெயரில் இருக்கும் அரசு நிறுவனத்திலேயே பிபிடி படிப்பு இருக்கிறது. அரசே பயிற்சி கொடுத்து வெளியே அனுப்பும் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள், அல்லது சின்ன கிளினிக்குகளில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். இடமும் சின்னது. ஒரு கொம்யூனின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில், இவ்வளவு மருத்துவக் கல்லூரிகளை வைத்துக்கொண்டு செய்ய முடியாததை இந்தியாவில் வேறு எங்கே செய்யப் போகிறார்கள்?

கேட்பது பெரிதொன்றும் இல்லை. வில்லியனூர் கொம்யூனில் பக்கவாதம் வந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் பெயரையும், எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும், அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று முறை, அதற்குப் பிறகு ஓராண்டு வரை தேவைக்கேற்ப, ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்குப் போக வேண்டும். பேச்சு போனவர்களுக்குத் தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒருவர் மாதம் இரு முறையாவது வர வேண்டும். ஓராண்டு முடிவில் டிஸ்சார்ஜ் செய்த மருத்துவமனை நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்கி எழுத வேண்டும்: தானே குளிக்கிறாரா, பேசுகிறாரா, வேலைக்குப் போகிறாரா, பார்த்துக்கொள்கிற பெண் இரவில் தூங்குகிறாளா. அந்தப் பதில்களை அக்டோபர் 29 அன்று பேனரில் போட வேண்டும். ஒரு பதிவேடு, இரண்டு ஸ்கூட்டர், நாலைந்து பிபிடி பட்டதாரிகளின் சம்பளம், இவ்வளவுதான் செலவு.